ஐந்து மணி வகுப்பு

“தையல் மெஷின் மிதிச்சா முட்டி ரெண்டும் சிராய்க்குமா, அம்மா?”

பிசியோதெரபிஸ்ட் இப்படிக் கேட்டதும், கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது. ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது தொழில். மெஷினை மிதித்து மிதித்துக் கால்வலி என்றுதான் வரவேற்பறையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“கீழே விழுந்துட்டேன் டாக்டரம்மா.”

“எத்தனை தடவை? இது பழைய காயம். இது நேத்துக் காயம். முழங்கையில இருக்கிறது இன்னும் காயவே இல்ல.”

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டாள். பிசியோதெரபிஸ்டுக்கு மனசுக்குள் சுருக்கென்றது. இந்த மாதிரிக் காயங்களோடு வந்து, படியில் சறுக்கிவிட்டேன் என்று சாதிக்கும் பெண்களை இதே அறையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வீட்டுல யார் யார் இருக்கீங்க?”

“நானும் மருமகளும்.”

“பையன்?”

“அவன் இல்லைம்மா.”

வெளியூர் வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். “பயப்படாம சொல்லுங்க. மருமக கை நீட்டுறாங்களா?”

“ஐயய்யோ!” அந்த அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “கன்னத்துல போட்டுக்கோங்க! அது தங்கம். நான்... நான் ஸ்கேட்டிங் கத்துக்கிறேன்.”

“என்னது?”

“கால்ல சக்கரம் மாட்டிக்கிட்டு ஓடுவாங்களே, அதுதான். ஒன்றரை மாசமா.”

பிசியோதெரபிஸ்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கி அடக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினாள். பாதி தூரம் போனதும் அந்த அம்மா கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். கணுக்காலுக்கு மேலே ஷூ விளிம்பு தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. எழுந்து நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னபோது, மூன்றாவது தடவையிலேயே கண்ணில் நீர் முட்டியது.

“எலும்பை ஒட்டின தசை வீங்கிப்போயிருக்கு. இப்படியே விட்டா எலும்புல விரிசல் விழும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுறீங்க?”

“ஒரு மணி நேரம்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எங்க குடியிருப்புக்குப் பின்னால, வண்டி நிறுத்துற இடத்துல.”

“சிமெண்ட் தரையிலயா? ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டா?”

“அன்னிக்கு ரெண்டு மணி நேரம்.”

பிசியோதெரபிஸ்ட் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் காலில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் கைப்பையில் போன் அலறியது. காதோடு ஒட்டி வைத்தும், உள்ளேயிருந்து வெடித்த பெண் குரல் பாதி வெளியே கேட்டது.

“மணி என்ன ஆச்சு?... முட்டியை மடக்குங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், கம்பு மாதிரி நிக்கிறீங்க... இன்னிக்கு ரெண்டு ரவுண்டு கூட!”

“இதோ வந்துட்டேன், திரை கொடுக்கப் போன இடத்துல லேட்டாயிடுச்சு” என்று குழைந்துவிட்டுப் போனை வைத்தாள் அந்த அம்மா.

“யார் அது?”

“எங்க டீச்சர்.”

“வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? நம்பரைக் கொடுங்க, நான் நாலு வார்த்தை கேக்குறேன்!”

“வேண்டாம்மா!” போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நல்லாச் சொல்லித்தருவா. நான்தான் மக்கு.” திட்டு வாங்கியவளின் வாட்டம் அவள் முகத்தில் துளிக்கூட இல்லை.

பிசியோதெரபிஸ்ட் மருந்துச் சீட்டை எடுத்தாள். “மூணு வாரத்துக்குச் சக்கரத்தைத் தொடக்கூடாது. தினம் மூணு வேளை ஐஸ். நான் சொல்லித்தர்ற பயிற்சியை மட்டும் செய்யணும். எழுதித் தர்றேன், அந்த டீச்சர் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க.”

“ஐயோ, எழுதாதீங்க டாக்டரம்மா. எனக்குக் கால்வலின்னு மருமகளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே எல்லாம் நின்னுபோயிடும்.”

ஓஹோ, விஷயம் அப்படியா என்று பிசியோதெரபிஸ்ட் எண்ணிக்கொண்டாள். வீட்டுக்குள் ஒருத்திக்குப் பயப்படுகிறாள், வெளியில் ஒருத்திக்குப் பயப்படுகிறாள். பிசியோதெரபிஸ்டின் வீட்டிலோ நிலைமை நேர் தலைகீழ். மாமியார் லேசாக இருமினாலே இவள் எழுந்து நிற்பாள். இந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அந்த வகுப்புல எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

“ஒரே ஒரு ஆளை வெச்சுக்கிட்டா இந்த அதட்டல்? மத்தவங்க எல்லாம் ஓடியே போயிட்டாங்க போல. நீங்க மட்டும் ஏம்மா இந்த வயசுல, காலை ஒடிச்சுக்கிட்டு, யாரோ ஒருத்திகிட்ட இப்படித் திட்டு வாங்கணும்? விட்டுத் தொலைங்களேன்!”

அந்த அம்மா ஐஸ் பையைத் தானே அவிழ்த்து ஓரமாக வைத்தாள். வலித்த காலை மெல்லத் தரையில் ஊன்றி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மணி ஐந்தேகால் ஆகியிருந்தது.

“அந்த டீச்சர்தாம்மா என் மருமக. என் பையன் விபத்துல போனதுக்கப்புறம் எட்டு மாசம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாமக் கிடந்தா. பரண்ல கிடந்த அவளோட சக்கர ஷூவை நான் எடுத்து மாட்டி, தொபீர்னு விழுந்த அன்னிக்குத்தான் ‘அப்படி இல்ல அத்தை’ன்னு முதல்முதலா வாயைத் திறந்தா. இப்ப தினம் ஒரு மணி நேரம் என்னைத் திட்டுறா டாக்டரம்மா!”