ஆளில்லாமல் வந்த டோர்வா

பதினேழாயிரம் அடி உயரத்தில், லடாக் கணவாய் ஒன்றின் உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, எட்வினின் அரிமா நின்றுபோனது. இருபது வருஷமாக அரிமாவைத் தவிர வேறு பைக்கை அவன் தொட்டதில்லை. தூத்துக்குடியிலிருந்து கூடவே வந்த நண்பன் சுடலையின் டோர்வாவைக் காலையில்கூட, "அது ஓட்டுற வண்டி இல்லலே, உருட்டுற வண்டி" என்று கிண்டலடித்திருந்தான். பேச்சு முற்றி, அவனை டீக்கடையில் விட்டுவிட்டுத் தனியாகவே மலையேறியிருந்தான். இப்போது பனி கொட்டியது. பேட்டரியில் உயிரில்லை. விரல்கள் மரத்துவிட்டிருந்தன.

கீழே வளைவில் ஒரு விளக்கு தெரிந்தது. சுடலையின் டோர்வாதான். ஆனால் அதன்மேல் ஆள் இல்லை.

வண்டிகள் தாமாக ஓடத் தொடங்கிப் பல வருஷமாகிறது. ஆனால் யாரும் ஏவாமல், வேறு கம்பெனி வண்டியைத் தேடி ஒரு வண்டி மலையேறி வந்து எட்வின் பார்த்ததில்லை. அது அரிமாவை ஒட்டி நின்றது. சற்று நேரத்தில் அரிமாவின் பேட்டரி விளக்கு பச்சையாக மினுங்கியது.

ஹெல்மெட்டுக்குள் சுடலையின் குரல் பதறியது. "எலேய், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா என் வண்டியக் காணும்ல!"

"இங்கதாம்ல நிக்கு."

"அங்க என்னலே செய்யுது?"

எட்வின் கையுறையைக் கழற்றி டோர்வாவைத் தொட்டான். கதகதப்பாக இருந்தது.

"என் வண்டிக்குப் பால் குடுக்குது" என்றான்.

டோர்வா தன் ஆளைத் தேடி இறங்கத் தொடங்கியது. உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, எட்வின் அரிமாவைத் திருப்பினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டோர்வாவின் பின்னால் போனான்.