பூனைத்தாய் நேரலையில்

அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எதிர்வீட்டு வாத்தியாரின் பெயரும் விலாசமும் பளிச்சென்று தெரிந்தன. உள்ளே சாம்பல் நிறப் பூனை ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. விடிந்தும் விடியாததுமாக யாரோ அதைக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டு நழுவியிருந்தார்கள்.

“எங்க எதிர்வீட்டுக்காரர்தான், மனுஷனா இவர்? பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவர் செய்யற வேலையா இது?” என்று பூனைத்தாய் கேமராவைப் பார்த்துக் கேட்டாள்.

பூனைத்தாய் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். தெருப்பூனைகளை மீட்பதும், நேரலையில் நிதி திரட்டி வைத்தியம் பார்ப்பதும் அவளுடைய தொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தாள். முகத்துக்குப் பவுடர் மட்டும் போட்டுக்கொண்டாள்.

எதிரே கணவர், கமெண்டுகள் அவளுக்குத் தெரியும்படி தம் செல்போனைத் திருப்பி வைத்து அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டு மாடி முழுக்க அட்டைப் பெட்டிகளில் பூனைகள் குடியிருந்தன. தீனி வைப்பது, மருந்து ஊட்டுவது, அவை வெளிக்குப் போன மணல் தட்டை அள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. அன்பு காட்டுவது மட்டும் அவள் பொறுப்பு. கட்டுப் பிரித்த பூனையைப் பார்க்க ரசிகர்கள் வருவதில்லை என்பதால், குணமானதும் பூனை மாடியேறிவிடும். அதோடு அதன் நடிப்பு வாழ்க்கை முடிந்தது.

“நம்ம பூனைங்க நாத்தம்னு போன வாரம்தான் சண்டைக்கு வந்தாரு. இப்ப வசமா மாட்டிக்கிட்டாரு பாருங்க!” என்றாள் ரசிகர்களிடம்.

கமெண்டுகள் மளமளவென்று ஏறின. வாத்தியாரை உள்ளே தள்ள வேண்டும் என்றார் ஒருவர். நான் பக்கத்துத் தெருதான், இதோ நேரில் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டார் இன்னொருவர்.

“வேணாம்மா, பாவம், வயசானவர்” என்றார் கணவர்.

“நீங்க போனை ஆட்டாம பிடிங்க!”

பூனையை அள்ளி மார்போடு அணைக்கப் போனாள். அது சீறி அவள் கையில் ஒரு கீறு கீறியது. கணவர் பதறிப்போய் ஒரு கையை நீட்டினார். பூனை அந்தக் கையில் முகத்தை உரசிவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்பதுபோல மேசைமேல் உட்கார்ந்தது.

“அவருக்குக் கைராசி” என்று சமாளித்தவள், பூனையின் பின்னங்காலைப் பார்த்ததும் அலறினாள். தொடை நெடுக ஒரு தழும்பு. “ஐயோ, சூடு போட்டிருக்காரே பாவி மனுஷன்! இதோட சிகிச்சைக்கு உங்களால முடிஞ்சதை அனுப்புங்க!” கண்ணீர் தயாராக இருந்தது, வந்தது. பணமும் வரத் தொடங்கியது.

டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிது. தழும்பைத் தடவிப் பார்த்தார். “சூடு இல்லீங்க. எலும்பு ஆபரேஷன் பண்ணித் தையல் போட்டது. இப்ப இதுக்கு ஒரு நோவும் இல்ல.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்க டாக்டர்.”

“யாரோ நல்லா செலவு பண்ணிக் காப்பாத்தியிருக்காங்கன்னு சொல்றேன்.”

“காப்பாத்திட்டுத் தூக்கிப் போடறதா? அது அதைவிடப் பெரிய பாவமில்ல?”

“ஒருத்தர் மேல பழி போடறதுக்கு முன்னாடி, சிப் இருக்கான்னு பார்த்துடலாமே” என்றார் டாக்டர். வளர்ப்புப் பூனையின் தோலுக்கடியில் அரிசியளவில் ஒரு சிப் வைத்திருப்பார்கள். அதற்கான கருவியைக் காட்டினால், வளர்ப்பவரின் போன் நம்பரைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூனைத்தாய்க்கு ஒரே கொண்டாட்டம். “இப்பவே பாருங்க! ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிடுங்க. அந்த ஆள் குரலை ஊரே கேக்கட்டும்!”

“போன்ல சார்ஜ் கம்மியா இருக்கும்மா, இதோட நிறுத்திக்கலாமே?” என்றார் கணவர்.

“உயிரே போனாலும் நிறுத்தக் கூடாது!”

பூனையின் கழுத்துக்குப் பின்னால் வந்ததும் கருவி கீச்சென்றது. டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “பேர் போடலை. நம்பர் மட்டும்தான் இருக்கு” என்று சொல்லி, தம் போனை எடுத்து அழைத்தார்.

வாத்தியார் வீட்டு வாசலுக்கு வந்தாயிற்று, கதவைத் தட்டவா என்று கமெண்டில் கேட்டார் பக்கத்துத் தெருக்காரர். “நல்லா தட்டுங்க!” என்றாள்.

அறைக்குள்ளேயே மணி அடித்தது. அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்த போன்தான் அடித்தது.

கணவர் அதை எடுக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார். அழைப்பு வந்ததும் நின்றுபோயிருந்த நேரலை மறுபடி ஓடத் தொடங்கியது.

“நீங்களா? அப்போ வாத்தியார் வீட்டுப் பெட்டி?”

“குப்பைக்கு வச்சிருந்தாரு, நான்தான் கேட்டு வாங்கினேன். புதுசு வருது, மாடியில இடம் பண்ணுங்கன்னு நீதானே சொன்னே? இந்தப் புது டாக்டர், யாராவது நல்லவங்க கையில ஒப்படைச்சுடுவாருன்னு நெனச்சேன்.”

“நம்ம மாடியா? பொய் சொல்லாதீங்க. இந்தப் பூனையை நான் பார்த்ததே இல்ல!”

கணவர் அப்போதும் போனை ஆட்டாமல் பிடித்திருந்தார்.

“போன வருஷம் லைவ்ல நீ கட்டிப்பிடிச்சு அழுத பூனைதான்மா இது!”