நாற்பத்தொன்றாம் எண்

மூன்று வருடம் உழைத்து நான் எழுதிய கட்டுரையிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு, பேராசிரியர் தர்வீஷ் வறுத்த ஈரல் வைத்த ரொட்டியைக் கடித்தார். எகிப்தின் தன்தா நகரத்தில் எங்கள் கல்லீரல் ஆய்வுக்கூடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“என்ன இப்திசாம், மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல டாக்டர். நோயாளிகளோட ஒப்பிட ஆரோக்கியமானவங்கன்னு சேர்த்தோமே, அதுல நாற்பத்தொண்ணாம் நம்பருக்குக் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இதயக் குழாயும் அடைச்சிருக்கு.”

“நம்ம முடிவையே கெடுத்துடுவான் போலிருக்கே! தூக்கிக் கடாசு.”

“யாருன்னு பார்த்துச் சொல்லிடலாமே? ஆள் பிழைச்சுக்குவார்.”

“சொன்னா, ஏன் நீக்கினீங்கன்னு கேள்வி வரும். வாயை மூடிக்கிட்டு இரு.”

“அப்ப எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்.”

‘நாற்பத்தொன்றை நீக்கவும். யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிச்ச ரொட்டியையும் வாயில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் மட்டுமே இருக்கிறது. அதை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். போன மாதம், ‘ஆரோக்கியமான ஆளுக்கு என்னையே சோதிச்சுக்கோங்க’ என்று நிருபர்கள் எதிரில் மார்தட்டிவிட்டு ஸ்கேனுக்குப் படுத்தவரின் பெயர், காலையில் பார்த்தபடியே நாற்பத்தொன்றுக்கு நேரே இருந்தது.

தர்வீஷ்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. அவரிடமும் சொல்ல மாட்டேன்.