நல்லமுத்து வைத்த ஆள்

“பயப்படாம சொல்லுங்கக்கா. உங்க வீட்டுக்காரர் காதுக்குப் போகாது.”

பாலாய் ராயா பொதுமண்டபத்தின் பின்னறையிலிருந்து வந்தது ஓர் இளைஞனின் குரல். ஜன்னலோரம் நின்ற நல்லமுத்து கம்பியை இறுகப் பிடித்தான். உள்ளே அந்த ‘அக்கா’வாக உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி நவமணி.

அவள் யாரிடம் பேசினாலும் அவனுக்குப் பொறுக்காது. ரொட்டிக்காரனிடம் சிரித்தாளா, மாடிப்படியில் எவனிடமாவது நின்று பேசினாளா, எல்லாம் அன்றன்றைக்கே தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல நம்பகமான ஆளும் வைத்திருந்தான்.

ஆனால் சனிக்கிழமைகளில் அவள் வெளியே போகும் விஷயம் மட்டும் அந்த ஆளிடமிருந்து வரவில்லை. அக்கரையில் பிறை ஊர் ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் ராமதாஸ்தான், “போன சனிக்கிழம உன் சம்சாரத்த பாயான் பாரு பாலாய் ராயாவுல ஒரு பையனோட பாத்தேன்லா” என்று கொளுத்திப் போட்டான். இந்தச் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டிப் பறந்து வந்திருந்தான் நல்லமுத்து.

கதவை உதைத்துத் திறந்தான். “யார்றா நீ? எத்தன நாளா நடக்குது?”

இளைஞன் பதறி எழுந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. தன் கிரீஸ் கறைச் சட்டையை நினைத்ததும் நல்லமுத்துவுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

“என் பேரு சிவகுருநாதன்ண்ணே. யுனிவர்சிட்டில சைக்கோலஜி படிக்கிறேன். வறுமையும் மனக்கவலையும் பிள்ளைங்க படிப்ப எப்படிப் பாதிக்குதுன்னு ஆராய்ச்சி பண்றேன். உங்க மகளுக்காகத்தான் அக்கா வர்றாங்க.”

அப்போதுதான் மூலையில் பென்சிலும் கையுமாக இருந்த தவமலரைப் பார்த்தான். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. எல்லாப் பாடத்திலும் கடைசி.

“இதுக்கு எதுக்கு ரகசியம்?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?” என்றாள் நவமணி.

அவனுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. இவ்வளவுதானா! கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. “நம்ம கஷ்டம்தான் காரணமா தம்பி?”

“இல்லண்ணே. டெஸ்ட்ல பாத்தா நல்ல மூளை. சாப்பாட்டுக்கும் குறையில்ல. ஆனா கிளாஸ்ல எதையோ நெனச்சுப் பயந்துக்கிட்டே இருக்கா. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா.”

நல்லமுத்து மகள் முன்னால் குனிந்தான். “என்னம்மா பயம்? அப்பாகிட்ட சொல்லு.”

தவமலர் விருட்டென்று எழுந்து கைகட்டி நின்றாள்.

“சனிக்கிழம மட்டும்தாம்ப்பா சொல்லல. அம்மா பேசுன மத்த எல்லாரையும் சொல்லிட்டேன்.”