திரும்பி வந்த முதல் நடை

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். மகள் நித்திலா முதன்முதலாக நடந்த நினைவை இணையத்தில் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றேன். அதோடு அது என் தலையிலிருந்து போய்விட்டது. ஒன்பதாம் நாள், "சத்தம் தெளிவா இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுபடி ஏற்றிக்கொண்டதும் மனைவியிடம் சொன்னேன். "மொட்டை மாடியில எப்படி நடந்து வர்றா தெரியுமா!"

"நமக்கு ஏதுங்க மாடி? அவ நடந்தது அரக்கோணம் பிளாட்பாரத்துல."

விற்கும் நினைவில் ரகசிய அடையாளம் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். வாங்கியவர் வேறொன்றை மாற்றித் திருப்பி அனுப்பினால் பிடித்துவிடலாம். இதில் மட்டும் வைக்க மனம் வரவில்லை.

வாங்கியவரைக் கேட்டேன். "நீங்க அனுப்பினதேதான் சார். வயசானா மறதி சகஜம்தானே?"

அவர் இன்னும் சேகரிக்கிறார். நித்திலா திருச்சியில் வேலை பார்க்கிறாள். மனைவி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நான் கண்ணை மூடினால் யாருடைய குழந்தையோ நடந்து வருகிறது, கையை நீட்டுகிறேன்.