ஜெர்மனியில் பொய் இல்லை

“நான் வீட்ல இருக்கும்போதே சிதம்பரத்துக்குப் போயிருக்கேன்னு பக்கத்து வீட்ல எதுக்குப் பொய் சொன்ன?”

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் ஜெனிபர், கடலூருக்கு வந்த மூன்றாம் நாளே அம்மாவிடம் சீறினாள்.

“நீ தூங்கிட்டிருந்த. எழுப்ப வேணாம்னுதான்.”

“நான் தூங்குறேன்னு சொல்றதுதான? வாயத் தொறந்தாலே பொய். அங்கல்லாம் ஒருத்தரும் பொய் சொல்ல மாட்டாங்க.”

“அப்ப அங்கியே இருக்க வேண்டியதுதான,” என்றாள் அம்மா சகாயசெல்வி.

வாசலில் பூக்கடைக்காரர் பெரிய மலர்வளையத்தோடு நின்றார். “ஜெனிபர் வீடுங்களா? ஜெர்மனியில அவங்ககூட வேலை பாக்குறவங்க ஆர்டர் போட்டாங்க.”

சகாயசெல்விதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அதிலிருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தாள்.

“அன்பு ஜெனிபர், உங்கள் அம்மாவின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.”

ஜெனிபரின் முகம் வெளுத்தது. “லீவு தரலம்மா...”

சகாயசெல்வி மலர்வளையத்தை மகள் கையில் திணித்தாள்.

“பாவம், பொய்யே தெரியாத சனங்க. நீ சொன்னத அப்படியே நம்பியிருக்குதுங்க.”