ஒருவர் வேண்டாம் என்றால்

"பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களே இடத்தை முடிவு பண்ணி, பஸ்ஸையும் பேசி வைக்குமாம். அப்புறம் நீங்க எதுக்கு இருக்கீங்க, ஸி மிலூத்?"

மரியாதைக்கு 'ஸி' சேர்த்துக்கொண்டாலும், ஸுஆத் போட்ட சத்தத்தில் இளைஞர் மன்றக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் குடும்பம் ஃபெஸ் நகரிலிருந்து இந்த மலையடி ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகள் ஜிஹான் மன்றத்தில் சேர்ந்த பிறகு போகவிருக்கும் முதல் சுற்றுலா இது.

மன்றத்தை நடத்தும் மிலூத் கோபப்படவில்லை. "கதவைத் திறந்து பூட்ட ஒரு ஆள் வேணுமே, லல்லா" என்று அவரும் மரியாதையாகவே அழைத்துச் சொன்னார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பதினாறு வயது ஹிபா எழுந்து காகிதத்தைப் பிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை தேவதாருக் காடு. காட்டுக்குப் பத்தொம்பது ஓட்டு, கடலுக்கு ஆறு."

"கடல்தான் நல்லா இருந்திருக்கும்" என்று பின்னாலிருந்து அயூப் முனகினான்.

"தோத்தவன் பேசக் கூடாது. முட்டை அவிக்கிறது உன் வேலை. ஐம்பது முட்டை. வழியில ஒண்ணு குறைஞ்சாலும் உன் வயித்தைத்தான் தேடுவோம்."

ரொட்டி யார், ஆலிவ் காய் யார், மருந்துப் பை யார் கையில் என்று ஹிபா வரிசையாகப் படித்தாள்.

"உங்க ஓட்டு எதுக்கு விழுந்துச்சு?" என்று மிலூத்திடம் கேட்டாள் ஸுஆத்.

"எனக்கு ஓட்டு கிடையாது, லல்லா."

"கடைசியா ஒண்ணு" என்றாள் ஹிபா. "கிளம்புற அன்னிக்குக் காலைல யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் பஸ் நகராது. காரணம் சொல்ல வேண்டியதில்ல."

"இது என்ன கூத்து! ஒருத்தனுக்கு வயித்தைக் கலக்கினா இருபத்தஞ்சு பேரும் வீட்டுக்குத் திரும்பணுமா?"

"திரும்பினோமே அத்தை!" என்றான் அயூப். "போன தடவை இந்த இல்யாஸ் வேண்டாம்னுட்டான். நாள் பூரா வெயில் பளிச்சுனு அடிச்சுது. முற்றத்துலயே பந்து விளையாடினோம். ஸி மிலூத் மட்டும் அவன் முதுகுல தட்டிக்கொடுத்தாரு."

"அன்னிக்கு எட்டு கோல் விட்டது யாருன்னும் சொல்லுடா" என்றான் இல்யாஸ்.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள். மற்றப் பெற்றோர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஸுஆத் மட்டும் தாளை மேசைமேல் வைத்தாள்.

"நான் போடப் போறதில்ல. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

"போடாதீங்க. ஆனா ஜிஹானை ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"மறுபடியும் பிள்ளையைக் கேளுங்கிறீங்க! பொறுப்பைத் தட்டிக் கழிக்க நல்ல வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க."

மிலூத் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எல்லாமே நான்தான் முடிவு பண்ணுவேன், லல்லா. இடம், நேரம், யார் எங்க உக்காரணும், எல்லாம். அந்தத் தடவை ஆத்துப் பள்ளத்தாக்குன்னு முடிவு பண்ணேன். நான் சின்ன வயசுல சுத்தின இடம். கிளம்புற நேரத்துல ஒரு பொண்ணு, இக்ராம்னு பேரு, பதினாலு வயசு, பஸ் படியிலேர்ந்து இறங்கிட்டா. 'மேல மலைல கறுத்துக் கிடக்கு, இன்னிக்கு வேண்டாமே'ன்னா. 'வானிலை அறிக்கை வாசிச்சுட்டாங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க'ன்னு கேலி பண்ணேன். பசங்க சிரிச்சுட்டாங்க. முகமெல்லாம் சிவந்து போய் ஏறி உக்காந்தா."

ஸுஆத் கையில் எடுத்த பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். எங்க தலைல ஒரு சொட்டு மழை இல்ல. மேல எங்கயோ கொட்டினது ஒரே பாய்ச்சலா ஆத்துல வந்துடுச்சு. ஒவ்வொருத்தரா இழுத்துக் கரையில போட்டேன். கடைசிப் பையனை என் கைக்குத் தள்ளிவிட்டது அவதான். திரும்பிப் பாக்குறேன், அவ இல்ல. மூணாம் நாள்தான் கிடைச்சா."

முற்றத்தில் யாரோ கோல் என்று கத்தினார்கள்.

"நான் இந்தப் பக்கமே வர வேண்டாம்னுதான் இருந்தேன். பசங்க வீட்டுக்கு வந்து நின்னாங்க. 'இனிமே நாங்க சொன்னா கேப்பீங்களா'ன்னு ஹிபா கேட்டா. கேப்பேன்னு சொன்னேன். அவ்வளவுதான், லல்லா."

ஸுஆதின் குரல் இறங்கிவிட்டிருந்தது. ஆனாலும் அவளுக்குள் இருந்த தாய் கேட்காமல் இருக்கவில்லை.

"அந்தப் பொண்ணைப் பெத்தவ? அவ உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல. ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல" என்றார் மிலூத். "தினமும் காலைல எங்க வீட்டுல ரொட்டியை என் முன்னாடி வச்சிட்டு, முகத்தைப் பாக்காம அடுப்படிக்குப் போயிடுறா."